ஊர் கேட்ட பாட்டு – 9: மேடை கைவிடாத ராஜா

மாசி மகத்தை ஒட்டித் தீர்த்தமலையில் நடக்கும் திருவிழாவுக்கு அரூர், ஊத்தங்கரை, கோட்டப்பட்டி, அனுமன்தீர்த்தம் என்று நாலா பக்கத்திலிருந்தும் சனம் வரும். மலையேறி ராம தீர்த்தத்தில் தலை நனைத்து, தீர்த்தகிரீஸ்வரரையும் வடிவாம்பிகையையும் கும்பிட்டு இறங்கியவர்களில் பலர் அடிவாரத்திலேயே இரவு தங்கிவிடுவார்கள். அவர்களுக்கு விடிய விடியப் பொழுது போக வேண்டும். முன்பு தெருக்கூத்து அந்த வேலையைச் செய்தது. அதன் பக்கத்தில் பாட்டுக் கச்சேரி எப்படி இடம் பிடித்தது, கூம்புக் குழாயும் பஞ்சாயத்து ரேடியோவும் இந்தப் பக்கத்து ஊர்களின் காதை எப்படிப் பழக்கின என்பதைச் சென்ற இரண்டு இதழ்களில் எழுதியிருந்தேன். இந்த இதழ் முழுவதும் ஒரே ஒரு பாடகருக்கு. ஏ.எம். ராஜா.

நம் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் ஆண் பாடகர்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். டி.எம்.எஸ். குரல், சீர்காழி குரல், பி.பி.எஸ். குரல், ராஜா குரல். டி.எம்.எஸ். குரலுக்கு ஆள் எப்போதும் உண்டு. தொண்டை கனமாக இருந்து, உச்சரிப்பு திருத்தமாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ராஜா குரலுக்குத்தான் ஆள் கிடைப்பது அரிது. அந்தப் பாட்டுகளில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. தாளக்காரர்கள் அடக்கி வாசிப்பார்கள், பின்னணிக் கருவிகள் மெலிந்திருக்கும், பாடுபவரின் சுருதி கொஞ்சம் விலகினாலும் கடைசி வரிசையில் சாக்கு விரித்துப் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரிந்துவிடும். அதனால் முன்பெல்லாம் நல்ல குழுக்கள் ராஜா பாட்டை முன்னிரவில் எடுக்க மாட்டார்கள். விசிலும் கூச்சலும் ஓய்ந்து, பிள்ளைகள் மடியில் தூங்கிப்போன பிறகு, பதினொரு மணிக்கு மேல் எடுப்பார்கள். அந்த நேரத்தில்தான் கூட்டம் உண்மையில் கேட்கத் தொடங்கும்.

அந்தக் குரல் வந்த வழியை முதலில் பார்த்துவிடலாம்.

ராஜா 1929 ஜூலை 1ஆம் தேதி சித்தூர் மாவட்டத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தவர். சென்னை வந்து பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. படித்தார். கர்நாடக இசையோடு மேற்கத்திய இசையும் பியானோவும் பயின்றவர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது வேலைக்கு ஆகும். மாணவராக இருந்தபோதே எச்.எம்.வி. நிறுவனம் அவர் எழுதிய இரண்டு தெலுங்குப் பாடல்களை அவர் குரலிலேயே இசைத்தட்டாக்கியது. வாத்திய அமைப்பைக் கவனித்துக்கொண்டவர் கே.வி. மகாதேவன். வானொலியில் அந்தக் குரலைக் கேட்ட ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசன் ஆளைக் கூட்டிவரச் சொன்னார். வீணைக் கலைஞர் ஈமனி சங்கர சாஸ்திரி இசையில் ‘சம்சாரம்’ 1951இல் வெளிவந்தபோது, படத்தின் பெயரையே பல்லவியாகக் கொண்ட பாட்டில் ராஜாவின் குரல் தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. படிப்பை முடித்த கையோடு கிடைத்த வாய்ப்பு அது.

அந்தக் காலத்துக் காதுக்கு இது எவ்வளவு புதிதாக இருந்திருக்கும் என்பதை இன்று உணர்வது கடினம். எஸ்.ஜி. கிட்டப்பாவும் எம்.கே. தியாகராஜ பாகவதரும் நாடகக் கொட்டகையில் வளர்ந்தவர்கள். கடைசி வரிசைவரை தொண்டையாலேயே பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய பழக்கம் அவர்களுடையது. பாகவதர் சினிமாவுக்கு வந்த பிறகும் அந்த வீச்சு அவர் பாட்டை விட்டுப் போகவில்லை. டி.ஆர். மகாலிங்கமும் அந்த வழிதான். ராஜா மைக்கோடு பிறந்த தலைமுறை. 1925 வாக்கில் மின்சார முறையில் ஒலிப்பதிவு செய்யும் வசதி வந்ததும் அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றவர்கள் காதருகே பேசுவதுபோலப் பாடத் தொடங்கினார்கள். இந்தியில் தலத் மெஹ்மூத் அதே தன்மையோடு வந்தார். தமிழில் அந்த வாசலைத் திறந்தவர் ராஜா என்று நான் உறுதியாகச் சொல்வேன். அவர் பாட்டில் பிருகா மழை கிடையாது. ஒரு சுரத்தைத் தொட்டு, அதில் லேசான நடுக்கத்தோடு நின்று, அடுத்ததுக்கு நழுவுவார். சொல்லை மென்று விழுங்க மாட்டார். தாய்மொழி தெலுங்கு என்றாலும் அவர் தமிழில் ழகரமும் றகரமும் தெளிவாக விழும்.

நம் ஊர்ப் பக்கத்துக்கு அவர் வந்து சேர்ந்தது டூரிங் டாக்கீஸ் வழியாக. அப்போது தருமபுரி என்று தனி மாவட்டம் கிடையாது. 1965 அக்டோபர் 2ஆம் தேதிதான் அது பிரிந்தது. அதுவரை தீர்த்தமலையும் அரூரும் சேலம் மாவட்டம். சேலம் என்றால் மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் நடத்திய அந்த ஸ்டுடியோவிலிருந்துதான் 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வெளியானது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். அதில் எம்.ஜி.ஆருக்கும் பானுமதிக்கும் எஸ். தட்சிணாமூர்த்தி இசையில் ஒரு காதல் பாட்டு. பானுமதி தன் பாட்டைத் தானே பாடினார். எம்.ஜி.ஆருக்கு ராஜா. வாளைச் சுழற்றும் வீரன் காதலியிடம் பேசும்போது குரல் இப்படி இறங்கிவருவதைப் பார்த்து அந்தக் காலத்து இளைஞர்கள் கிறங்கிப்போனார்கள். அதற்கு முன்பே ‘ஜெனோவா’விலும் (1953), டி.ஆர். ராமண்ணாவின் ‘குலேபகாவலி’யிலும் (1955) எம்.ஜி.ஆருக்கு ராஜா பாடியிருந்தார். எம்.ஜி.ஆர். என்றதும் டி.எம்.எஸ். என்று நினைத்துக்கொள்ளும் இன்றைய தலைமுறைக்கு இது வியப்பாக இருக்கலாம். எம்.ஜி.ஆரின் காதல் முகத்துக்கு முதலில் பொருந்திய குரல்களில் ராஜாவுடையது ஒன்று.

ஜெமினி கணேசனுக்கு அவர் பாடியது வேறு வகை. 1955இல் எஸ். ராஜேஸ்வர ராவ் இசையில் வந்த ‘மிஸ்ஸியம்மா’வில் குரலும் முகமும் ஒட்டிக்கொண்டன. அந்தப் படத்துக்குப் பிறகு, திரையில் ஜெமினி வாய் அசைக்கும்போது வேறு யாராவது பாடினால் கூட்டத்துக்கு ஏதோ குறைவதுபோல இருந்தது. ராஜ்கபூரின் ‘ஆஹ்’ படம் ‘அவன்’ என்று தமிழில் வந்தபோது (1953) ராஜ்கபூருக்கும் அவரே பாடினார். உடன் பாடியவர் ஜிக்கி.

பி.ஜி. கிருஷ்ணவேணி என்ற ஜிக்கியைப் பற்றி இந்தத் தொடரில் தனியாகவே எழுத வேண்டும். சென்னையில் 1935இல் பிறந்து, 1943இல் ‘பந்துலம்மா’ என்ற தெலுங்குப் படத்திலேயே சிறுமியாகப் பாடியவர். ‘ஞானசௌந்தரி’ (1948) தமிழில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ராஜா சினிமாவுக்குள் நுழைந்தபோது அனுபவத்தில் ஜிக்கிதான் மூத்தவர். ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்து பாடியவர்கள் வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள். ஜிக்கியின் குரல் சலசலவென்று ஓடும். ராஜாவின் குரல் நிதானமாகக் கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்க்காத ஜோடிப் பாட்டு என்றால் எனக்கு இவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

இந்தப் பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்க வாய்ப்புக் கொடுத்தது நம் நாட்டு வானொலி அல்ல. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய விரட்டிவிட்டார். அந்த இடத்தை இலங்கை வானொலி எடுத்துக்கொண்டது. மயில்வாகனன் பாட்டை அறிமுகம் செய்யும் அழகுக்காகவே ரேடியோ வாங்கியவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கிய பிறகும் கொழும்புக்கு முள்ளைத் திருப்பும் பழக்கம் போகவில்லை. ராஜாவின் பாட்டு ரேடியோவுக்கு ஏற்ற பாட்டு. வீட்டுத் திண்ணையில், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டாலும் ஒரு சொல் தப்பாது.

இப்போது 1959க்கு வருவோம். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஸ்ரீதர் கதை, வசனம் எழுதிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே ராஜாவுக்கு நண்பர். தான் படம் இயக்கினால் நீதான் இசையமைப்பாளர் என்று ராஜாவுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்ததாகச் சினிமா வட்டாரத்தில் சொல்லிவருவார்கள். ராஜா அதற்குள் ‘ஷோபா’ (1958) என்ற தெலுங்குப் படத்துக்கு இசையமைத்திருந்தார். ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய ‘கல்யாண பரிசு’ அவர் கைக்கு வந்தது. பாட்டெழுதப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்.

அந்தப் படத்தில் ராஜா செய்த ஒரு காரியத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தீபாவளிப் பாட்டு என்று சனங்கள் சொல்லும் பாட்டு படத்தில் இரண்டு முறை வரும். முதல் முறை சுசீலா குரலில், மத்தாப்பு வெளிச்சத்தில், ஆசையும் நாணமுமாக. பிறகு அதே மெட்டு ராஜா குரலில் வரும்போது கதை தலைகீழாகியிருக்கும். காதலித்தவளைப் பறிகொடுத்தவனின் பாட்டு அது. மெட்டு ஒன்றுதான். நடையைத் தளர்த்தி, கருவிகளை விலக்கி, சொற்களுக்கு நடுவில் மூச்சுவிட இடம் கொடுத்ததும் கொண்டாட்டம் ஒப்பாரியாகிவிடுகிறது. காதல் தோல்வியைச் சொல்லும் இன்னொரு பாட்டும் இதேபோல ஆண் குரலில் ஒரு முறை, பெண் குரலில் ஒரு முறை வரும். படத்தின் கதையே ஒரு காதல் இரண்டு வீடுகளில் இரண்டு விதமாகச் சிதைவதுதான். இயக்குநர் கதையில் வைத்ததை இசையமைப்பாளர் மெட்டிலும் வைத்தார். ஜெமினியும் சரோஜாதேவியும் சைக்கிளில் போகும் பாட்டில் மேற்கத்தியத் தாளத்தை எந்த உறுத்தலும் இல்லாமல் தமிழுக்குள் உட்காரவைத்தார். ஜிக்கிக்கு ஒரே ஒரு பாட்டு. அதன் தொடக்கம்தான் நாற்பது ஆண்டுகள் கழித்து, 1999இல், விஜய் நடித்த ‘துள்ளாத மனமும் துள்ளும்’ படத்துக்குப் பெயரானது.

படம் 1959 ஏப்ரலில் வெளியாகி வெள்ளிவிழாக் கண்டது. அக்டோபர் 8ஆம் தேதி பட்டுக்கோட்டையார் காலமானார். வயது 29. ராஜாவின் மெட்டும் அவருடைய எளிய சொல்லும் இன்னும் பத்துப் படங்களில் சேர்ந்திருந்தால் தமிழ்த் திரைப்பாட்டின் போக்கே வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அந்த இழப்பை இன்றும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

அடுத்த ஆண்டு சிவாஜி நடித்த ‘விடிவெள்ளி’. அதற்கடுத்து 1961இல், ஸ்ரீதரின் சொந்த நிறுவனமான சித்ராலயாவின் முதல் படம் ‘தேன் நிலவு’. ஜெமினியையும் வைஜயந்திமாலாவையும் காஷ்மீருக்கு அழைத்துப்போய் எடுத்தார்கள். பாட்டுகள் கண்ணதாசன். சென்னையில் ராஜா பயின்ற மேற்கத்திய இசை முழுதாக வெளிப்பட்டது இந்தப் படத்தில்தான். எஸ். ஜானகியோடு அவர் பாடும் துள்ளல் பாட்டு அன்றைய கல்லூரிப் பிள்ளைகளின் தேசிய கீதமாக இருந்தது. அதே படத்தில் ராகத்தில் அமர்ந்த அமைதியான பாட்டும் உண்டு. இரண்டும் ஒருவர் போட்ட மெட்டு, ஒருவர் பாடியது.

‘தேன் நிலவு’ வேலைகளின்போதே ஸ்ரீதருக்கும் ராஜாவுக்கும் மனக்கசப்பு வந்துவிட்டது. ராஜா கண்டிப்பானவர், தன் வேலையில் பிறர் தலையிடுவதைப் பொறுக்காதவர் என்று அவரோடு பணியாற்றியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஸ்ரீதரும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அத்தோடு அந்தக் கூட்டணி முடிந்தது. 1962இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ எடுத்தபோது ஸ்ரீதர் விஸ்வநாதன்–ராமமூர்த்தியிடம் போனார். அதே ஆண்டு கே. சங்கர் இயக்கிய ‘ஆடிப்பெருக்கு’ ராஜா இசையில் வந்தது. அதில் தனிமையைப் பற்றி அவரும் சுசீலாவும் பாடும் பாட்டுக்கு இணையாகத் தமிழில் நான் ஒரு சிலவற்றையே சொல்வேன். ஆடிப் பதினெட்டு அன்று அனுமன்தீர்த்தத்தில், தென்பெண்ணைக் கரையில், குழாய் கட்டியவர்கள் அந்தப் படத்தின் இசைத்தட்டைத் தேய்ந்துபோகும்வரை போட்டார்கள். படத்தின் பெயரும் நாளும் பொருந்தியது ஒரு காரணம். பாட்டு நன்றாக இருந்தது பெரிய காரணம்.

அதன் பிறகு தமிழில் அவருக்கு வாய்ப்புகள் சட்டென்று வற்றின. ஜெமினிக்குப் பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடினார். எம்.ஜி.ஆர்., சிவாஜி இருவருக்கும் டி.எம்.எஸ். நிலைத்துவிட்டார். இசைக்குழுக்கள் பெரிதாயின, பாட்டு வேகமெடுத்தது. ராஜாவுக்கு அப்போது வயது முப்பத்துமூன்று. ஒரு பாடகரின் குரல் கனிந்து நிற்கும் வயது. திறமை குறைந்து ஒதுங்கியவர் அல்லர் அவர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அதே ஆண்டுகளில் மலையாளம் அவரைக் கொண்டாடியது. வயலார் எழுதி, தேவராஜன் இசையமைத்த ‘பார்யா’வில் (1962) பெரியாற்றைப் பற்றி அவர் சுசீலாவோடு பாடிய பாட்டும், ‘அடிமகள்’ (1969) படத்தில் தாழம்பூ மணம் பேசும் பாட்டும் கேரளத்தில் இன்றும் வீட்டுக்கு வீடு தெரியும். தமிழ்நாடு தள்ளிவைத்த குரலைப் பக்கத்து வீடு பத்திரமாக வைத்திருந்தது.

தமிழ்ப் படவுலகம் அவரைத் திரும்ப அழைத்தது 1970களின் தொடக்கத்தில். வி. குமார் இசையில் ‘ரங்கராட்டினம்’ (1971), சங்கர்–கணேஷ் இசையில் ஜிக்கியோடு ‘புகுந்த வீடு’ (1972). அடுத்த ஆண்டு ‘வீட்டு மாப்பிள்ளை’க்கு அவரே இசையமைத்தார். பாட்டுகள் நின்றன. ஆனாலும் இந்த வரவு நீடிக்கவில்லை.

அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிக மதிப்புக்குரிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. சினிமாவில் பெயர் வாங்கிய ஒருவர், ஊர் ஊராகப் போய்த் திருவிழா மேடையில் பாடுவதைக் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை. ஜிக்கியும் அவரும் சேர்ந்து குழுவோடு கச்சேரி செய்தார்கள்.

அன்றைய கச்சேரி உலகம் எப்படி இருந்தது? சென்னையில் காமேஷ்–ராஜாமணி, ஏ.வி. ரமணனின் மியூசியானோ போன்ற குழுக்கள் சபாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் வாசித்தன. தெற்கே பாவலர் வரதராசனும் தம்பிகளும் கட்சி மேடைகளில் பாடிப் பழகி, அதிலிருந்து இளையராஜா வந்தார். எஸ்.பி. பாலசுப்பிரமணியம்கூடப் பின்னணிப் பாடகராவதற்கு முன்பும் பின்பும் மேடையில் நின்றவர். மேடைக்கென்று ஒரு பருவம் உண்டு. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் தை மாதத்தில் தொடங்கி, மாசி, பங்குனித் திருவிழாக்கள், சித்திரைத் தேர், வைகாசி விசாகம்வரை ஓடும். விழாக் குழு வரி போட்டுப் பணம் திரட்டும். முன்பணம் கொடுத்துத் தேதி வாங்கியதும் நோட்டீஸ் அடிப்பார்கள். ‘திரைப்படப் புகழ்’ என்ற அடைமொழியோடு ஒரு பெயர் நோட்டீஸில் இருந்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஹார்மோனியம், அக்கார்டியன், தபலா, பாங்கோஸ், கிடார் எல்லாவற்றையும் துணி சுற்றிக் கட்டி, ரயிலிலும் பஸ்ஸிலும் ஏற்றி இறக்கி, கச்சேரி நடக்கும் ஊருக்குச் சாயங்காலம் போய்ச் சேர வேண்டும். ஒத்திகைக்கு நேரம் இருக்காது. மைக் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் கூட்டம் உட்கார்ந்துவிடும்.

மெல்லிய குரல் திறந்த வெளியில் எப்படி எடுபட்டது என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். குழாய் கட்டுபவர்களைக் கேட்டால் விளக்கம் கிடைக்கும். கூம்புக் குழாய் கீழ்ச்சுரங்களைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். இடைப்பட்ட சுரங்களைத்தான் தூரத்துக்குக் கொண்டுபோகும். கனத்த தொண்டையை அதில் விட்டால் அடிக்குரல் காணாமல்போய், மேலே கரகரப்பு மட்டும் மிஞ்சும். ராஜாவின் குரல் அந்த இடைப்பகுதியிலேயே நடமாடுவது, மெய்யெழுத்துகள் பளிச்சென்று விழுவது. அதனால் ஒரு மைல் தள்ளிக் களத்துமேட்டில் படுத்திருப்பவனுக்கும் சொல் புரியும். அதைப் பாட முயலும் உள்ளூர்ப் பாடகருக்கு வேறொரு சிக்கல் உண்டு. குரலைத் தாழ்த்தி, மைக்கிலிருந்து விலகியும் நின்றால் மைக்காரர் ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டுவார், உடனே குழாய் ஊளையிடும். உதட்டுக்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு, மூச்சு அதில் மோதாமல் முகத்தைக் கொஞ்சம் திருப்பி நின்று பாட வேண்டும். நம் பக்கத்தில் ராஜா குரல் பாடுபவர்கள் எல்லாருக்கும் அந்த நிற்கும் விதம் ஒன்றுபோலவே இருக்கும். நாலு அடி தள்ளி நின்று பார்த்தாலே, யார் பாட்டைப் பாடப்போகிறார் என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு வசதியும் அந்தப் பாட்டுகளுக்கு உண்டு. விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் பெரிய பாட்டுகளை எட்டுப் பேர் கொண்ட குழு வாசித்தால் பாதி விட்டுப்போகும். ராஜாவின் மெட்டை நாலு பேர் வாசிக்கலாம். இடையிசை சுருக்கமாக, பாடகர் மூச்சு வாங்கும் அளவுக்கே இருக்கும். ஹார்மோனியக்காரர் ஒருவரே பிடித்துக்கொள்ளலாம். சின்ன ஊர், சின்ன மேடை, குறைந்த வரி வசூல் என்றாலும் ‘கல்யாண பரிசு’ பாட்டு குறைவில்லாமல் கேட்கும். சென்னை ஸ்டுடியோவில் போட்ட மெட்டு தீர்த்தமலை அடிவாரத்துக்கும் பொருந்திப்போனது இப்படித்தான். தன் வேலையில் பிடிவாதமாக இருந்தார் என்று சினிமா அவர்மேல் குறை சொன்னது. அந்தப் பிடிவாதத்தால்தான் பாட்டில் தேவையற்ற ஒரு சுரம்கூட ஒட்டவில்லை என்று நான் நினைக்கிறேன்.

1989 ஏப்ரலில் ராஜா தன் குழுவினரோடு ரயிலில் தெற்கே போய்க்கொண்டிருந்தார். கோயில் திருவிழா ஒன்றில் கச்சேரி. திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூர் நிலையத்தில் ரயில் நின்றது. கீழே இறங்கியவர், ரயில் நகரத் தொடங்கியதும் ஏற முயன்று தவறி விழுந்தார். அங்கேயே உயிர் பிரிந்தது. அறுபது வயது நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்தது. ஒரு திருவிழா மேடை அவருக்காகக் காத்திருந்த நேரத்தில் அவர் போனார். கடைசிவரை தொழிலில் இருந்த பாடகர் அவர் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

ஜிக்கி நின்றுவிடவில்லை. அதே ஆண்டு இளையராஜா இசையில் ‘பாட்டுக்கு ஒரு தலைவன்’ படத்துக்காக மனோவோடு பாடினார். ஐம்பத்து மூன்று வயதுக் குரலில் அந்தப் பழைய சலசலப்பு அப்படியே இருந்தது. ராஜா இல்லாத மேடையில் கச்சேரிகளையும் தொடர்ந்தார். 2004 ஆகஸ்ட் 16இல் சென்னையில் காலமானார்.

நம் பக்கத்துக் குழுக்களில் இன்று கீபோர்டு ஒன்றே அக்கார்டியனும் வயலினும் புல்லாங்குழலுமாக மாறி வாசிக்கிறது. கூம்புக் குழாய்க்குப் பதில் ஆளுயரப் பெட்டிகள் மேடைக்கு இரண்டு பக்கமும் நிற்கின்றன. பதினொரு மணிக்கு மேல் ராஜா பாட்டு எடுக்கும் வழக்கத்துக்கும் வழியில்லை. இரவு பத்து மணிக்கே ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். அதனால் எட்டரை, ஒன்பது மணிக்கே, பிள்ளைகள் ஓடி விளையாடும் நேரத்தில், ராஜா பாட்டைப் பாடவேண்டியிருக்கிறது. பாடுகிறவர்கள் பாடத்தான் செய்கிறார்கள். தீபாவளிப் பாட்டின் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் பாடும் குழுக்கள் இன்னும் இருக்கின்றன. இந்தக் கட்டுரையைப் படிக்கும் குழுக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இரண்டாவது வடிவத்தைப் பாடும்போது கீபோர்டில் தாளப் பெட்டியை நிறுத்திவிடுங்கள். தபலா மட்டும் போதும்.

ராஜா பாடிவந்த இடத்துக்கு வந்தவர் பி.பி. ஸ்ரீநிவாஸ். இருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பேசும் பழக்கம் ரசிகர்களிடம் உண்டு. ஆனால் 1951இல் ராஜாவைத் திரைக்குக் கொண்டுவந்த அதே ஈமனி சங்கர சாஸ்திரிதான், மறு ஆண்டு அதே ஜெமினி நிறுவனத்தின் ‘மிஸ்டர் சம்பத்’ இந்திப் படத்தில் ஸ்ரீநிவாஸையும் முதன்முதலாகப் பாடவைத்தார். காக்கிநாடாவிலிருந்து வந்த அந்தக் குரலை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)